அறுபத்தொரு நாளில் கன்று

புதுவாயல் கூட்டு ரோட்டில் பக்கீர் முகம்மதுவின் டீக்கடைக்கு நேர் எதிரே சர்க்கார் ஓர் ஓட்டுக் கட்டடம் கட்டி, 'கால்நடைப் பருவ ஒழுங்கு நிலையம்' என்று பலகை மாட்டியபோது, பக்கீர் மனதார மகிழ்ந்தார். ஆபீஸ் என்று ஒன்று வந்தால் டீ குடிக்க ஆள் வரும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் தப்பே இல்லை. டீ குடிக்க வந்தார்கள். குடித்துவிட்டு, கடைக்குப் பின்னால் கட்டியிருந்த மல்லியைப் பார்த்துவிட்டார்கள், அதுதான் வினை.

மல்லி என்பது பக்கீரின் பசு. வெள்ளை உடம்பு, நெற்றியில் ஒரு செம்பழுப்புச் சுட்டி. கடைக்கு அந்த ஒரு பசுவின் பால்தான். கல்கத்தா ரோட்டில் போகிற லாரிக்காரர்கள் பொன்னேரியைத் தாண்டி வந்து இங்கே வண்டியை நிறுத்துவது பக்கீரின் முகத்துக்காக அல்ல, மல்லியின் பாலுக்காக. அந்த வருஷம், அதாவது ஐம்பத்தாறில், பால் வற்றிவிட்டது. தண்ணீர்ப் பாலை விலைக்கு வாங்கி டீ போட்டுக்கொண்டு, மல்லி மறுபடி கன்று போடும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள் பக்கீரும் அவர் மனைவி பீவி ஜானும்.

நிலையத்தின் தலைவர் டாக்டர் வீரராகவன் நல்லவர். லஞ்சம் வாங்க மாட்டார், சத்தம் போட மாட்டார், நேரம் தவற மாட்டார். அவரிடம் இருந்த ஒரே குறை, எழுதியிருப்பதை மட்டுமே அவரால் பார்க்க முடியும். வந்த முதல் மாதமே பிர்கா முழுக்க இருந்த நாட்டுக் காளைகளுக்கெல்லாம் காயடித்து, 'இனி இப்பகுதியில் காளை இல்லை' என்று சென்னைக்கு எழுதிவிட்டார். பசுக்கள் இனிமேல் நிலையத்தின் ஐஸ் பெட்டியில் வரும் காளை விந்தை நம்பித்தான் சினையாக வேண்டும். வீட்டுக்கு ஒன்றாக நூறு பசுக்களைப் பதிவு செய்து, கழுத்தில் எண் எழுதிய தகர அட்டை கட்டினார். மல்லிக்கு நூறு என்று வந்தது. முழு எண் வந்ததே என்று பக்கீர் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு டீ இலவசமாகக் கொடுத்தார். மனுஷனுக்கு வரப்போவது முன்கூட்டியே தெரிந்தால் இப்படி டீயை வீணாக்குவானா?

அட்டை கட்டிய மாதம் ஆடி. பெரியபாளையத்தம்மனுக்குப் போகிற வண்டிகள் புதுவாயலில் திரும்பித்தான் மேற்கே போகும். பதினெட்டாம் பெருக்குக்கு முதல் நாள் ஏதோ ஒரு வண்டியின் பின்னால் தொங்கிய பச்சைப்புல் கட்டைப் பார்த்து மல்லி கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள் பக்கீர் தேடிக்கொண்டு போனபோது அம்மன் கோயிலுக்குப் பக்கத்து ஆற்றங்கரையில், அம்மனுக்கு நேர்ந்துவிட்ட காளை ஒன்றின் பக்கத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கீர் கேள்வி எதுவும் கேட்காமல் ஓட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மல்லி பருவத்துக்கு வரவில்லை. தையில் வயிறு தெரிந்தது. மாசியில் வழிப்போக்கர்கள்கூட, "இன்னா பாய், எப்ப கன்னு?" என்று கேட்டார்கள்.

டாக்டர் ஒருவர்தான் கேட்கவில்லை.

மார்ச் மாதத் தொடக்கத்தில் நிலையத்துக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே நூறு பருவ ஊசிகள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் தீர்க்க வேண்டும், தீர்ந்ததற்கு அடையாளமாக நூறு காலிக் குப்பிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கூடவே ஒரு கடிதம். டாக்டர் அதைத் திருவிழாவாகவே ஆக்கிவிட்டார். பன்னிரண்டாம் தேதி 'பருவ விழா'. சென்னையிலிருந்து டைரக்டர் வருகிறார். தொண்ணூற்றொன்பது பசுக்களுக்கு இரண்டு நாள் முன்பே ஊசி போட்டுவிடுவது, அவை எல்லாம் ஒரே நாளில் பருவத்துக்கு வந்து பந்தலில் நிற்பது, நூறாவது பசுவுக்கு டைரக்டரே தம் கையால் மேடையில் ஊசி போடுவது என்பது ஏற்பாடு.

இதைக் கேட்டதும் பக்கீர் நிலையத்தின் உதவியாள் சாலமோனைத் தேடிப் போனார். சாலமோன் கால்நடைக் கம்பவுண்டர். மாட்டுக்குள் கையை விட்டால் உள்ளே இருப்பதை அச்சுப்போல் சொல்லுவான், ஆனால் அவன் சொல்வதை எழுதப் படிவத்தில் இடம் கிடையாது.

"பாய், நான் அன்னிக்கே பாத்தேன். கன்னு உதைக்குது. ஏழு மாசம் தாண்டிடுச்சி," என்றான் சாலமோன். "இந்த ஊசி சினை மாட்டுக்குப் போட்டா கன்னு அரைகுறையா வெளியே வந்துடும். மாடு தங்குறதும் சந்தேகம்."

"மத்த மாட்டுக்கு மட்டும் நல்லதா?"

"அதுவும் இல்ல. இது வெளி அறிகுறிய மட்டுந்தான் கொண்டாரும். மாடு கத்தும், தாவும். உள்ளே முட்டை வராது. சினை நிக்காது."

"அப்ப எதுக்கு நைனா போடறீங்க?"

"பெட்டி வந்துட்டுதே பாய்," என்றான் சாலமோன்.

பக்கீர் டாக்டரிடமே போனார். மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்று, மாடு சினை என்று சொன்னார். டாக்டர் பதிவேட்டைப் பிரித்தார்.

"நூறு... கருவூட்டல் செய்த தேதி காலியாக இருக்கிறதே. எப்படிச் சினையாகும்?"

"பெரியபாளையத்துல சார். அம்மன் காளை."

"பெரியபாளையம் நம் எல்லையில் இல்லை. எல்லைக்கு வெளியே ஏற்பட்ட சினைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. தவிரவும் சினை என்று எழுதினால் அடுத்த கட்டத்தில் காளையின் பதிவு எண் எழுத வேண்டும். அம்மன் காளைக்குப் பதிவு எண் உண்டா?"

"இல்ல சார். ஆனா வயிறு கீது பாருங்க, வந்து ஒரு தபா பாருங்க."

"வயிறு இருக்கலாம். உப்புசமாகவும் இருக்கலாம். நான் வந்து பார்த்தால், நான் பார்த்தது பதிவேட்டுக்கு முரணாக இருந்தால், எதை நம்புவது என்ற சங்கடம் எனக்கு வரும். அதனால்தான் நான் பார்ப்பதே இல்லை." டாக்டர் மிகவும் கனிவாகத்தான் சொன்னார். "ஊசி போட்டால் சினை நிற்காது என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். நமது இலக்கு சினை அல்ல, பாய். நமது இலக்கு அறிகுறி. அறிகுறிக்குக் கட்டம் இருக்கிறது. முட்டைக்குக் கட்டம் இல்லை."

பக்கீர் வெளியே வந்து ரோட்டோரம் சிறிது நேரம் நின்றார். ஒரு லாரி ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது அவர் காதில் விழவே இல்லை. வீட்டுக்கு வந்து பீவி ஜானிடம் எல்லாவற்றையும் சொல்லி, "மாட்ட ஓட்டிக்கினு பழவேற்காட்டுக்கு எங்க மாமு ஊட்டுக்குப் போயிடறேன்," என்றார்.

"போனா நூறாவது மாடு எங்கேன்னு தேட மாட்டாங்களா? போலீஸோட வருவாங்க," என்றாள் பீவி ஜான். அவள் கோபமாக இருந்தாள். கோபம் வந்தால்தான் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும். "ஏங்க, அந்த டாக்டரு இதுவரைக்கும் நம்ம மல்லி மொகத்த பாத்திருக்காரா?"

"இல்ல."

"வால?"

"அவரு கழுத்து அட்டைய மட்டுந்தான் பாப்பாரு."

"அப்ப அட்டைய அனுப்புங்க. மாடு எதுக்கு?"

நிலையத்தில் ஓர் எருது இருந்தது. ஐஸ் பெட்டி வண்டியை இழுக்கும் கிழ எருது. நிலையத்தின் கணக்கில் அது மாடு அல்ல, 'வாகனம் எண் 2'. ஆகையால் கால்நடை நிலையத்தில் அதைக் கால்நடையாக ஒருவரும் நினைப்பதில்லை. புண் வந்தால்கூட அதற்கு மருந்து போட முடியாது, வாகனப் பராமரிப்புக்கு மருந்து ஒதுக்கீடு கிடையாது. பன்னிரண்டாம் தேதி காலை பந்தலுக்குப் பின்னால் நின்ற அந்த வாகனத்தின் மேல் பீவி ஜான் தன்னுடைய பழைய பச்சைப் புடவையை முழங்கால் வரை தொங்கும்படி போர்த்தினாள், கழுத்தில் சாமந்தி மாலை போட்டாள், மாலைக்கு மேல் நூறாம் நம்பர் அட்டையைக் கட்டினாள். சாலமோன் அந்தப் பக்கம் வந்தான். எருதைப் பார்த்தான். பீவி ஜானைப் பார்த்தான்.

"எனக்கு வேண்டியது காலிக் குப்பிதான் அக்கா," என்று சொல்லிவிட்டு, எருதின் கயிற்றைப் பிடித்து அவனே மேடைக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

பந்தலைப் பார்த்திருக்க வேண்டும். தொண்ணூற்றொன்பது பசுக்களும் ஒரே நேரத்தில் பருவத்தில் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று தாவின, கயிற்றை அறுத்தன, நாற்காலிகளை மிதித்தன. வாழைமரத் தோரணத்தைத் தின்றன. வரவேற்புரை ஆற்றிய பஞ்சாயத்துத் தலைவரை ஒரு பசு முதுகால் உரசியே மேடையிலிருந்து இறக்கிவிட்டது. கத்தலில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை, அதனால் எல்லோரும் நன்றாகப் பேசியதாகப் பின்னால் எழுதப்பட்டது. டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டு புடவைக்கு மேலேயே ஊசியைக் குத்தினார். எருது ஒருமுறை திரும்பிப் பார்த்தது. வாழ்க்கையில் அதற்கு மேலதிகாரி கையால் கிடைத்த முதல் மருந்து அது.

அதே நேரத்தில் கயிற்றை அறுத்துக்கொண்ட நான்கு பசுக்கள் மேடையேறி வந்து, வரிசையாக எருதின் மேல் தாவின. கிழ எருது பாவம், ஐஸ் பெட்டிக்கே பழகிய முதுகு, அசையாமல் நின்றது. டாக்டர் வீரராகவன் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"கவனிக்க வேண்டும்! பிற மாடுகள் தாவும்போது எது அசையாமல் நிற்கிறதோ அதுவே உண்மையான பருவத்தில் உள்ளது என்பது சாஸ்திரம். மற்றவை குதிக்கின்றன. நூறாம் எண் நிற்கிறது! ஊசி போட்டு நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை!"

கைதட்டினார்கள். டைரக்டர் பசு என்று நினைத்து எருதின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். சாயங்காலம் சாலமோன் அட்டையை அவிழ்த்துக் கொண்டுவந்து பீவி ஜானிடம் கொடுத்தான். உடனே மல்லியின் கழுத்தில் கட்டினார்கள். பக்கீர் அன்றிரவு மல்லியின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே உதைத்தது. அவர் அழுதுவிட்டார்.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி மல்லி கிடாரிக் கன்று போட்டது. தாயைப்போலவே வெள்ளை உடம்பு, நெற்றியில் அதே சுட்டி. பின்னங்கால் ஒன்றில் மட்டும் லேசான நொண்டல். சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள் பீவி ஜான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார்கள்.

மறுநாளே டாக்டர் வந்தார். சென்னையிலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது: விழாவினால் பிறந்த கன்றுகள் எத்தனை? கையில் பதிவேடு, முகத்தில் இதுவரை யாரும் பார்த்திராத சிரிப்பு.

"மார்ச் பன்னிரண்டில் ஊசி. மே பன்னிரண்டில் கன்று. அறுபத்தொரு நாள்! உலகத்தில் இதுவரை பசுக்கள் ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டிருந்தன. மேற்பார்வை இல்லாததால் ஏற்பட்ட தாமதம் அது."

"ஆடியிலயே சினை சார்! அல்லா மேல ஆணையா சொல்றேன், அறுபத்தொரு நாள்ல எந்த மாடும் கன்னு போடாது," என்றார் பக்கீர்.

டாக்டர் பேனாவை மூடினார். "யோசித்துச் சொல்லுங்கள் பாய். ஆடியில் சினையென்றால், காளையே இல்லாத பகுதியில் தகப்பன் எண் இல்லாமல் பிறந்த கன்று இது. அப்படிப்பட்ட கன்றைப் பகுதியை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்பது விதி. நானே அப்புறப்படுத்த வேண்டிவரும். அறுபத்தொரு நாள் என்றால், இது திட்டத்தின் கன்று. உங்களிடமே இருக்கலாம். எப்படி எழுதட்டும்?"

பக்கீர் கன்றைப் பார்த்தார். அது நொண்டிக்கொண்டே போய் மடியைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். போட வேண்டியிருந்தது. நீங்களும் நானுமாக இருந்தாலும் போட்டிருப்போம்.

அந்தக் கையெழுத்து இருக்கிறதே, அது சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம் மற்ற தொண்ணூற்றொன்பது வீடுகளுக்கும் நோட்டீஸ் வந்தது. 'ஊசி போடப்பட்டு அறுபத்தொரு நாளுக்கு மேல் ஆகிறது. எண் நூறு கன்று ஈன்றிருப்பதால், உங்கள் பசுவும் ஈன்றிருக்க வேண்டும். கன்றை மறைத்துவைத்திருப்பதாகக் கருதப்படுகிறது. ஆய்வுக்கு வரும்போது காட்டத் தவறினால் பசு பறிமுதல் செய்யப்படும்.'

ஐம்பத்தெட்டாம் எண் பசுவின் சொந்தக்காரரும் வடக்கே இரண்டு காணி நெல் வைப்பவருமான மணவாளன் அந்த நோட்டீஸை டீக்கடையின் மேஜைமேல் வைத்தார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

"கையெழுத்துப் போட்டியாமே பாய்?" என்றார்.

"கன்ன இட்டுக்கினு போயிடுவேன்னான் நைனா. நான் இன்னா பண்ணட்டும்?"

"இப்ப எங்க மாட்ட இட்டுக்கினு போறேன்றான். பால் இல்லாம ஒரு வருசம் போச்சி, மாடும் போனா..." மணவாளன் நோட்டீஸை மடித்து மடியில் செருகிக்கொண்டார். அவர் சண்டை போட வந்தவர் அல்ல. சண்டை போட்டிருந்தால் பக்கீருக்கு இவ்வளவு வலித்திருக்காது. "ஒரு நாளைக்கு உன் கன்னக் குடு பாய். எங்க ஊட்டுல கட்டி காட்டிட்டு கொண்டாந்து உட்டுடறேன்."

ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? ஆய்வு தொடங்கியது. நாளுக்குப் பத்து வீடு, பத்து நாள். டாக்டர் ஒரு வீட்டுக் கொட்டிலில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கன்றைப் பின்வழியாகத் தூக்கி அடுத்த வீட்டில் கட்டினார்கள். வரப்பு வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஒவ்வொரு வீட்டிலும் குனிந்து பார்த்து, நெற்றிச் சுட்டியையும் பின்னங்கால் நொண்டலையும் குறித்துக்கொண்டார். ஐந்தாம் நாள் சாலமோனிடம் கண் கலங்கச் சொன்னார்:

"பார்த்தாயா? ஐம்பது கன்றும் ஒரே அச்சு! நொண்டல்கூட ஒரே காலில். இயற்கையினால் இவ்வளவு ஒழுங்கைக் கொடுத்திருக்க முடியுமா?"

"முடியாது சார்," என்றான் சாலமோன்.

எட்டாம் நாள் குறிப்பில், 'எண் எழுபதுக்கு மேற்பட்ட கன்றுகள் சற்று மெலிவு' என்று இருந்தது. மெலியாமல் என்ன செய்யும்? காலையில் ஒரு வாய், இரவில் ஒரு வாய், அவ்வளவுதான் தாய்ப்பால். பகலெல்லாம் அது ஊர் ஊராகக் கன்றாகவே உத்தியோகம் பார்த்தது. மல்லி மடி கனத்து வலி தாங்காமல் கத்திக்கொண்டே இருந்தது. பீவி ஜான் புருஷனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பத்தாம் நாள், ஜூன் பத்தாம் தேதி. விட்டுப்போன ஐம்பத்தெட்டாம் எண்ணோடு மத்தியானமே ஆய்வு முடிந்தது. டாக்டர் ஜீப்பை நிறுத்தி டீ குடிக்க வந்தார். கடைக்குப் பின்னால் மல்லி அடிவயிற்றிலிருந்து கத்தியது. அவர் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எண் நூறுதானே? மறுபடி பருவத்துக்கு வந்துவிட்டது! சாலமோன், புதுப் பெட்டி வந்திருக்கிறதல்லவா, ஒரு குப்பி எடு. அறிகுறி இன்னும் நன்றாகத் தெரியட்டும்."

"பருவம் இல்ல சார்," என்றார் பக்கீர். அதற்கு மேல் சொல்ல வாய் திறந்தார். கன்றைக் காணாமல் கத்துகிறது என்று சொன்னால், கன்று எங்கே என்ற கேள்வி வரும். தொண்ணூற்றொன்பது வீடும் மாட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் ஊசி ஏறும், இப்போதுதான் ஊறிய பால் வற்றிப்போகும். சாலமோன் மெதுவாக, முடிந்தவரை மெதுவாக, பெட்டியைத் திறந்தான்.

பீவி ஜான் யாரையும் கேட்கவில்லை. விடுவிடுவென்று ரோட்டைக் கடந்து போனாள். எதிரே கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த மணவாளனிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு வந்து, டாக்டரின் கண்ணெதிரே, மல்லியின் காலடியில் இறக்கிவிட்டாள்.

கன்று மடியை முட்டியது. மல்லியின் கத்தல் அந்த இடத்திலேயே நின்றது. நெற்றிச் சுட்டி, பின்னங்கால் நொண்டல், எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தன. மணவாளன் ரோட்டிலேயே நின்றுவிட்டார். சாலமோன் கண்ணை மூடிக்கொண்டான். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று பக்கீருக்குத் தோன்றியது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். சுட்டியைப் பார்த்தார். காலைப் பார்த்தார். தாயின் கழுத்து அட்டையைப் பார்த்தார். நிதானமாகப் பதிவேட்டைப் பிரித்து எழுதினார்.

"நூற்றொன்று," என்றார். "பிரசவ வலியைப் பருவம் என்று நினைத்துவிட்டேன். என் தவறுதான். மே பன்னிரண்டிலிருந்து இன்றைக்கு இருபத்தொன்பது நாள். அறுபத்தொன்று போய் இருபத்தொன்பது! கையெழுத்துப் போடுங்கள் பாய்."

பக்கீர் பீவி ஜானைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். கையெழுத்துப் போட்டார். ஊசிப் பெட்டி மூடப்பட்டது, ஜீப் சென்னைப் பக்கம் திரும்பிப் புழுதியில் மறைந்தது.

மணவாளன் மெதுவாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இருவத்தொம்போது நாள் கெடு வெச்சி மறுபடியும் நோட்டீஸ் வரும் பாய்," என்றார். "இந்த தபா யாரு ஊட்டுலேருந்து ஆரம்பிக்கறது?"

பக்கீர் கன்றைப் பார்த்தார். வாயில் நுரை தள்ள, வாலை ஆட்டிக்கொண்டு, மூச்சுவிட மறந்து அது குடித்துக்கொண்டிருந்தது.

"இரு நைனா," என்றார். "அது குடிச்சி முடிக்கட்டும்."